காலால் கேட்டவர்

பரசுராமனுக்குக் காது எப்போது போனது என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. பல் விழுந்தால் விழுந்த நாள் நினைவிருக்கும். காது அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை. முதலில் சேரப்பணஞ்சேரி ஏரியில் தவளைச் சத்தம் குறைந்தது. இந்த வருஷம் மழை சரியில்லை என்று நினைத்துக்கொண்டார். பிறகு எதிர்வீட்டுப் பையன்கள் அடக்கமாகப் பேச ஆரம்பித்தார்கள். பரவாயில்லை, திருந்திவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் பெண்டாட்டி பாப்பம்மாள் திட்டுவது நின்றபோதுதான் மனிதருக்குச் சந்தேகம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஓயாத வாய் அது. திரும்பிப் பார்த்தால், வாய் அசைந்துகொண்டுதான் இருந்தது.

"இன்னாய்யா, நான் பாட்டுக்குக் கத்திக்கினே கீறேன், நீ பாட்டுக்கு ஒக்காந்துக்கினு கீற?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"காதுல வுழல" என்றார்.

வீட்டுக்குள் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். வெளியே அதே வார்த்தையைச் சொல்ல அவருக்கு வருஷங்கள் பிடித்தன. சொன்னபோது ஆக வேண்டிய கேடு ஆகியிருந்தது.

காது எங்கே போனது என்பதில் சந்தேகமே இல்லை. தொண்ணூற்றெட்டில் ஒரகடம் போகிற ரோட்டில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்று வந்தது. முதலாளிகள் வெளிநாட்டுக்காரர்கள். பரசுராமன் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த கொல்லை நிலம் அதற்குப் போயிற்று. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். நாற்பதைத் தாண்டியிருந்த பரசுராமனும், அவரைப் போலவே நிலம் கொடுத்த மச்சான், பாப்பம்மாளின் தம்பி இராமச்சந்திரனும் ஒரே நாளில் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். இரண்டு பேருக்கும் பிரஸ் ஷாப். அங்கே ஆளைவிட உயரமான பிரஸ்கள் வரிசையாக நிற்கும். தகட்டை வைத்தால் மேலிருந்து ஸ்லைடு என்கிற பெரிய இரும்புப் பாளம் இறங்கி, ஒரே அடியில் அதைக் கார் பாகமாக நசுக்கித் தள்ளும். ஷிப்ட் முழுக்க அந்த அடிதான். காதில் அடைத்துக்கொள்ள மஞ்சள் பஞ்சு கொடுத்தார்கள். வேர்த்து ஒழுகும் காதில் அது எங்கே நிற்கும்? பாதிப் பேர் சட்டைப் பையில் வைத்திருந்து, ஆபீஸர் தலை தெரிந்தால் செருகிக்கொள்வார்கள்.

அந்த இரைச்சலில் வாயால் பேசிப் பிரயோசனமில்லை. எல்லாம் கைதான். டீக்கு ஒரு ஜாடை, பாத்ரூமுக்கு ஒரு ஜாடை, சூப்பர்வைசர் வருகிறார் என்பதற்கு ஒரு ஜாடை, அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு இன்னொரு ஜாடை. எல்லாரும் ஊமை பாஷை பேசுகிற இடத்தில் ஒரு செவிடரை யார் கண்டுபிடிப்பது? பரசுராமன் நிம்மதியாக இருந்த இடம் அது ஒன்றுதான். பஸ்ஸிலும் டீக்கடையிலும் வீட்டிலும் இருந்த தவிப்பு, காதைத் தின்ற அதே ஷாப்புக்குள் அவருக்கு இல்லை.

ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நாம் இப்போது காலை நீட்டிக்கொண்டு கேட்கலாம். அப்படிச் சொன்ன மனிதர் ஒருவர் இருந்தார். தாண்டவராயன் என்று பெயர், அதே ஷாப். காதுக்குள் வண்டு பறக்கிற மாதிரி இருக்கிறது, வேறு இடத்தில் போடுங்கள் என்று கேட்டார். அப்போதிருந்த ஆபீஸர் டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் 'தகுதியில்லை' என்று எழுதினார். மாலை போட்டு, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, கை குலுக்கி, வாசலுக்கு வெளியே விட்டார்கள். செவிடரை வாட்ச்மேனாகக்கூட எவனும் வைத்துக்கொள்ளவில்லை. நிலமும் ஏற்கெனவே போயிருந்தது. கம்பெனி பஸ் படப்பையைத் தாண்டும்போது சில நாள் அவர் ரோட்டோரம் நின்று பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்துக் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார்கள்.

அதனால் வருஷத்துக்கு ஒரு முறை காதுப் பரிசோதனை வண்டி வரும்போதெல்லாம் பரசுராமனுக்கு ஈரக்குலை நடுங்கும். வண்டிக்குள் உட்கார்த்தி, ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்பார்கள். வழி கண்டுபிடித்தவன் இராமச்சந்திரன். சத்தம் விடும்போதெல்லாம் டெக்னீஷியன் மேஜையில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று எரிவதைக் கதவுக் கண்ணாடி வழியாக அவன் பார்த்துவிட்டான். அதற்கப்புறம் மாமா உள்ளே போனால் இவன் கியூவின் முன்னால் நிற்பான். விளக்கு எரியும்; இவன் மூக்கைத் தேய்ப்பான்; அவர் விரலைத் தூக்குவார். அடுத்து உட்காருகிற கோபாலுக்கும் அதே உபகாரம். கோபால் பக்கத்து பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர், பரசுராமனைவிட மூத்தவர், காதும் அவரைவிட மோசம். இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் இராமச்சந்திரனின் மூக்கு உதவியது.

பிரஸ் ஷாப்பில் அத்தனை பேருக்கும் காது நார்மல் என்று ரிசல்ட் வரும். அந்தப் பேய்ச் சத்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு காதா என்று எவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. நல்ல சேதியை யாரும் கிளறிப் பார்ப்பதில்லை.

இந்த அளவில் நின்றிருந்தால் ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது. சூப்பர்வைசர் மாரிராஜ் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், டிப்ளமா படித்தவன், பெரியவர்களிடம் பிரியமுள்ளவன். வயசான மனிதர் தகடு தூக்கிக் கஷ்டப்பட வேண்டாமே என்று, டை மாற்றும் நேரங்களில் பரசுராமனை பிரஸ்ஸை இயக்கும் பொத்தான் பேனலில் நிறுத்த ஆரம்பித்தான். டை என்பது பிரஸ்ஸுக்குள் இருக்கும் அச்சு. ஒரு பாகம் முடிந்து வேறு பாகம் போட வேண்டுமானால் அச்சை மாற்ற வேண்டும். அந்த வேலையில் இராமச்சந்திரன் கெட்டிக்காரன். அவன் பிரஸ்ஸின் வாய்க்குள் உடம்பைக் குனிந்து நுழைத்து அச்சைச் சரிபார்ப்பான். பேனலில் நிற்பவர் இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால் ஸ்லைடு மெள்ள இறங்கும். விட்டால் நிற்கும். ஆள் உள்ளே இருக்கும்போது ஸ்லைடு மேலே விழாமல் முட்டுக்கட்டை வைக்க வேண்டும் என்று சுவரில் எழுதியிருந்தது. வைத்தால் நேரமாகும் என்பதால் வைப்பதில்லை. உள்ளே இருப்பவனைப் பேனலிலிருந்து பார்க்கவும் முடியாது. 'போதும்' என்று அவன் போடும் சத்தம்தான் எல்லாம்.

மாரிராஜ் இந்த வேலையைக் கொடுத்த அன்றைக்குச் சாயங்காலம், பஸ்ஸுக்கு நிற்கும்போது பரசுராமன் மச்சானை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

"வோணாம் மச்சான். நான் தகடே தூக்கறேன்னு சொல்லிட்றேன்."

இராமச்சந்திரன் அவர் காதருகே வந்தான். "சொன்னா ஏன்னு கேப்பான் மாமா. இன்னா சொல்லுவ? நீ பழைய ஷூவே போட்டுக்கினு வா, அடி தேஞ்சது. நீ நிக்கிற இரும்புத் தகடு பிரஸ்ஸோட சேந்துதான் கீது. நான் கைய வெளிய நீட்டி ஆட்டுனா அமுத்து. போதும்னா ஸ்பேனரால ஒரு அடி அடிக்கிறேன். கால்ல அதிரும். வுட்டுரு."

"அடி தெரியலன்னா?"

"தெரியற மாரி அடிக்க மாட்டனா? என் கை உள்ள கீது மாமா."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பரசுராமனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மறுநாள் அவன் ஒரு அடி அடித்தபோது, உள்ளங்காலில் எறும்பு கடித்த மாதிரி அது துல்லியமாக வந்து சேர்ந்தது. பொத்தானை விட்டார். ஸ்லைடு நின்றது. உள்ளேயிருந்து இராமச்சந்திரன் தலையை நீட்டிக் கண்ணடித்தான்.

அப்படியே வருஷங்கள் ஓடின. கம்பெனி புது ஷூ கொடுத்தால் அவர் அதை வீட்டில் வைத்துவிட்டுத் தேய்ந்ததையே போட்டுக்கொண்டு வருவார். மகா கஞ்சன் என்று ஷாப்பில் பட்டம் கட்டினார்கள். காதில் கேட்டவன் மறக்கலாம், காலில் கேட்டவர் மறக்கவில்லை. மச்சான் உள்ளே போனால் அவர் முழு உயிரும் உள்ளங்காலுக்கு இறங்கிவிடும். இராமச்சந்திரனுக்குத்தான் பயம் விட்டுப் போயிற்று. அதுதான் கெடுதல்.

இரண்டாயிரத்து நாலில் பர்சனல் ஆபீஸராகக் கங்கா வந்தாள். முப்பது வயசுகூட இருக்காது. கம்பெனிக்காரர்களின் சொந்த நாட்டில் ஜனங்களுக்கு வயசாகிக்கொண்டே போகிறதாம், அறுபது தாண்டியவர்களையும் பாங்காக உட்கார்த்தி வேலை வாங்குகிறார்களாம். இங்கேயும் நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுது என்று அங்கிருந்து உத்தரவு. உத்தரவு வந்தால் காகிதத்தை நிரப்பி அனுப்பிவிட்டுப் போகிறவர்களை நமக்குத் தெரியும். கங்கா அப்படியில்லை. மனசாரக் கேட்டாள்.

வயசானவர்களை எல்லாம் கேண்டீனில் உட்கார்த்தி, டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, "கண்ணு, காது, முதுகு, எதுவா இருந்தாலும் தயங்காம சொல்லுங்க ஐயா. யாரையும் வேலையை விட்டு அனுப்பறதுக்காகக் கேக்கல. உங்களுக்கு ஏத்த மாதிரி வேலையை மாத்தறதுக்குத்தான் கேக்கறேன்" என்றாள்.

கேண்டீனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் தாண்டவராயனை நினைத்துக்கொண்டார்கள். அனுப்ப மாட்டோம் என்று அவரிடமும்தான் சொன்னார்கள். பரசுராமன் முன் வரிசையில் இருந்தார். அவள் உதட்டையே பார்த்திருந்ததால் 'காது' என்ற வார்த்தை மட்டும் அவருக்குப் பிடிபட்டது. தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் கண் வேறு அந்தச் சமயம் பார்த்து அவர்மேல் நின்றது. முகம் வேர்த்துப் போய், எதையாவது சொல்லித் தப்ப வேண்டுமே என்று எழுந்து, "முட்டிம்மா. முட்டி வலி. நின்னுக்கினே கீறமா, அதான்" என்றார்.

பின்னால் எல்லாரும் கப்பென்று அதைப் பிடித்துக்கொண்டார்கள். முட்டி வலி யாரையும் வேலையை விட்டு அனுப்பாத வியாதி. கோபால் எழுந்து முட்டியைத் தடவிக் காட்டினார். இன்னொருவர் இரண்டு முட்டியும் என்றார். கங்கா முகம் மலர்ந்து எழுதிக்கொண்டாள். வெளியே வந்ததும் இராமச்சந்திரன் மாமாவின் முதுகில் தட்டினான். நல்லவேளை தப்பித்தோம் என்று எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே குஷி.

முட்டி வலிக்கு மருந்து தீபாவளிக்கு முன்னால் லாரியில் வந்தது. கனமான கறுப்பு ரப்பர் பாய்கள். நாள் முழுக்க நிற்கிறவர்களின் காலுக்கு மெத்தென்று இருக்குமாம். முதலில் வாய் திறந்து கேட்டவர் என்கிற மரியாதையில் முதல் பாயைப் பரசுராமனின் பேனலுக்கு முன்னால் போட்டார்கள். அவரை அதன்மேல் நிற்க வைத்து போட்டோ எடுத்தார்கள். கங்கா கை தட்டினாள்.

பரசுராமன் போட்டோவுக்குச் சிரித்தார். பக்கத்து பிரஸ் அடித்துக்கொண்டிருந்தது. காலில் ஒன்றுமே வரவில்லை. அத்தனை வருஷமும் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருந்த அதிர்வு பட்டென்று அறுந்து போயிற்று. கிணற்றுக்குள் இறக்கிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனது போல் இருந்தது அவருக்கு. சிரித்த வாயை மூட முடியாமல் நின்றார்.

முதலில் சமாளித்தார்கள். ஒரு காலைப் பாயிலும் ஒரு காலை விளிம்புக்கு வெளியே தகட்டிலும் வைத்து நின்றார். யாருமில்லாத நேரம் பாயைக் காலால் தள்ளிவிடுவார். மாரிராஜ் பார்த்துவிட்டால் அதை இழுத்துச் சரியாகப் போடுவான். அவர் காதருகே வாயை வைத்து, "அண்ணாச்சி, கேட்டு வாங்கிட்டு இப்படிச் செய்யலாமா? பாய்ல நில்லுங்க. மேலருந்து பாத்தாவன்னா என்னையல்லா ஏசுவாவ" என்பான்.

பிறகு யாரோ விளிம்பில் தடுக்கி விழுந்தார்கள். மறுவாரம் ஆட்கள் வந்து, தகடு தெரியாமல் சுவரிலிருந்து பிரஸ் வரைக்கும் பாயை ஒட்டிவிட்டுப் போனார்கள். 

அன்றைக்கு வீட்டில் பரசுராமன் சாப்பிடவில்லை. பாப்பம்மாள் என்னவென்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஸ்பேனர் விஷயம் அவளுக்குத் தெரியாது. தம்பியின் கை தன் புருஷனின் உள்ளங்காலை நம்பி இருக்கிறது என்று எந்த வாயால் அவளிடம் சொல்வது? கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "அந்தப் பொண்ணு கங்கா நல்ல மாரியா கீதுன்னு சொன்ன இல்ல? காதுன்னே சொல்லிட்டுப் போயேன். இன்னா ஆயிடும்?" என்று காதோடு கத்தினாள்.

"தாண்டவராயன் ஆயிடுவேன்" என்றார்.

அவர் மனசில் இரண்டையும் எடை போட்டபடிதான் இருந்தார். ஒரு தட்டில் வேலை, ஒரு தட்டில் மச்சானின் கை. ஒரு மாசம் பார்க்கலாம், தை பிறந்ததும் சொல்லிவிடலாம் என்று தள்ளிப் போட்டார். நாமும் அப்படித்தான் தள்ளிப் போட்டிருப்போம்.

இராமச்சந்திரன் வேறு ஏற்பாடு சொன்னான். கொஞ்சம் அழுத்தி விட வேண்டியது. அவன் தலையை வெளியே நீட்டித் தலையசைத்தால் மறுபடி கொஞ்சம். அதன்படியே செய்தார்கள். டை மாற்ற இரட்டிப்பு நேரம் பிடித்தது. மாரிராஜ் முகம் சுளித்தான். பெரியவருக்கு வேகம் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

கார்த்திகை கடைசியில் ஒரு மத்தியானம். வாசலில் லாரி நிற்கிறது, பாகம் இன்னும் போடவே ஆரம்பிக்கவில்லை. மாரிராஜுக்கு மேலிருந்து போன்மேல் போன். டை உள்ளே போயிற்று. இராமச்சந்திரன் கையை ஆட்டிவிட்டுக் குனிந்தான். பரசுராமன் அழுத்தினார், விட்டார். மச்சான் தலையை நீட்டி அசைத்தான். அழுத்தினார், விட்டார். பின்னாலிருந்து மாரிராஜ் தோளில் கை வைத்து, ஒரே அழுத்தாக அழுத்துங்கள் என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டினான். லாரியைக் காட்டினான். கும்பிடவே கும்பிட்டான். அடுத்த லைனில் யாரோ கூப்பிட, ஓடினான்.

பரசுராமன் அழுத்தினார். வழக்கமாக விடுகிற இடத்தில் விடப் போனார். இன்னும் கொஞ்சம் இருக்கும் என்று தோன்றியது. மச்சான் அடிப்பான், அடிக்காமல் இருப்பானா? காலடியில் பாய் மெத்தென்று இருந்தது.

தூரத்தில் மாரிராஜ் வாயைப் பிளந்துகொண்டு தன்னை நோக்கி ஓடிவருவதை அவர் பார்த்தார். ஏன் ஓடி வருகிறான் என்று ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணமும் பொத்தான்கள் அவர் கையில்தான் இருந்தன.

இராமச்சந்திரன் ஸ்பேனரால் அடித்த அடி ஷாப்பின் மறு கோடி வரைக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். இடது கையால் அடித்திருக்கிறான். வலது கை மாட்டிக்கொண்டிருந்தது.

பூந்தமல்லி ரோட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் அந்தக் கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்தார்கள். விசாரணையும் தாமதிக்காமல் வந்தது. பெரிய மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், பக்கத்தில் கங்கா, ஓரத்தில் அழுது வீங்கிய கண்ணோடு மாரிராஜ். இந்தப் பக்கம் பரசுராமன். மேனேஜர் பேசினார். பரசுராமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கங்கா தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். எழுத்துக் கூட்டிப் படித்தார். ஸ்பேனரால் தட்டுவது விதியில் இல்லை. குரல் கொடுக்க வேண்டும் என்பதுதான் விதி. பேனலில் நின்றவருக்குக் காது நார்மல். அவருக்குக் கேட்கவில்லை என்றால், இராமச்சந்திரன் குரல் கொடுக்கவில்லை என்று அர்த்தம். தப்பு அவனுடையது. கீழே பரசுராமன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். கை போனவன் தன் அஜாக்கிரதையால் போனான் என்று ஆகிவிடும். கம்பெனி அவனைக் கை கழுவிவிடும்.

பேனாவைக் கீழே வைத்தார். "கூப்ட்டிருப்பான் சார். தொண்ட கிழியக் கத்தியிருப்பான். எனுக்குத்தான் காது கேக்காது. ரொம்ப நாளாவே கேக்காது" என்றார். சொன்னதும் அவருக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் பயந்த வார்த்தை இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

கங்கா ஒரு சீட்டில் எழுதிக் காட்டினாள். 'வேறு யாருக்காவது இப்படி உண்டா?'

கோபால் முகம் அவர் கண்முன் வந்தது. தாண்டவராயன் முகமும் வந்தது. நம் தலைதான் போயிற்று, இன்னொருவன் வயிற்றில் எதற்கு அடிப்பது என்று, "இல்லம்மா, நான் ஒருத்தன்தான்" என்றார்.

வெளியே வராந்தாவில் கங்கா பின்னாலேயே வந்தாள். ஏதோ சொன்னாள். அவர் விழித்தார். மறுபடி சொன்னாள். கடைசியில் அவர் காதில் வாயை வைத்து, அழுகையும் கோபமுமாகக் கத்தினாள். "இடம் வச்சிருந்தேன் ஐயா! காது கேக்காதவங்களுக்குன்னு செக்கிங் ரூம்ல நாலு சீட் வாங்கி வச்சிருந்தேன்! ஒருத்தர்கூடக் காதுன்னு சொல்லல. டெஸ்ட்லயும் எல்லாரும் நார்மல். யாருக்கு இதுன்னு மேல கேட்டாங்க. அந்த ரூமை ஸ்டோர் ஆக்கிட்டாங்க!"

இது மட்டும் அவருக்கு முழுசாகக் கேட்டது. கேட்காமலே இருந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் இராமச்சந்திரன் கண் திறந்து படுத்திருந்தான். பாப்பம்மாள் கால்மாட்டில் இருந்தாள். புருஷனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பரசுராமன் மச்சானின் கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். இடம் வைத்திருந்ததையும் சொன்னார்.

இராமச்சந்திரன் அவரை அருகே இழுத்து, "அந்தம்மா சொல்றத நம்பறியா மாமா?" என்றான்.

"தெரியல மச்சான்."

"கோபாலப் பத்திச் சொன்னியா?"

"சொல்வனா? அவன் பொழப்ப ஏன் கெடுக்கணும்?"

இராமச்சந்திரன் இருக்கிற ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "காலைல நம்ம ஷாப்பு சுபாஷ் பாக்க வந்தான். இன்னிக்கி மத்தியான ஷிப்ட்லேர்ந்து அவன்தான் டை மாத்தறானாம். ஒன் எடத்துல பேனல்ல கோபால நிக்க வெச்சிக்கீறாங்க. பெரியவருக்கு லேசான வேலன்னு. அந்த ஸ்பேனர் கணக்குகூட அவங்களுக்குத் தெரியாது மாமா."

பரசுராமன் எழுந்து ஓடினார். ஆஸ்பத்திரி வாசலில் மஞ்சள் நிற ஒரு ரூபாய் போன் தொங்கியது. சட்டையில் குத்தியிருந்த கம்பெனி பாட்ஜைப் பிய்த்து, அதிலிருந்த நம்பரைப் பார்த்து அழுத்தினார். காசைப் போட்டார். போனைக் காதோடு நெரித்து வைத்துக்கொண்டு, வாசலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"கோபாலுக்குக் காது கேக்காதுங்க! அவர எறக்குங்க! பிரஸ்ஸ நிறுத்துங்க! நான் பரசுராமன் பேசறேன், கோபாலுக்குக் காது கேக்காது!"

மூச்சு வாங்க நிறுத்தினார். மறுபடி அதையே கத்தினார். மறுபடியும் கத்தினார். பின்னாலேயே ஓடி வந்த பாப்பம்மாள் அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவர் காதில் வாயை வைத்துச் சொன்னாள்.

"இன்னும் யாரும் எடுக்கலய்யா. மணி அடிச்சிக்கினே கீது."